நிக்கேய் மைக்ரோ ஃபியூச்சர்ஸா, ஜப்பான் ஸ்டாக் டே டிரேடிங்கா: டோக்கியோல வேலை பாக்குறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

முடிவ முதல்லயே சொல்லிடறேன். ஜப்பான்ல வேலை பாத்துக்கிட்டு, கையில அஞ்சு பத்து லட்சம் யென் ஒதுக்கி வச்சு இன்ட்ராடே (அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்கிறது) பண்ணிப் பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒசாகா எக்ஸ்சேஞ்ச்ல ஓடுற நிக்கேய் 225 மைக்ரோ ஃபியூச்சர்ஸ்தான் (225 பெரிய ஜப்பான் கம்பெனிங்க சேர்ந்த நிக்கேய் இன்டெக்ஸ் ஏறுமா இறங்குமான்னு போடற கான்ட்ராக்ட்டோட சின்ன சைஸ்) சரியான இடம். நெட் புரோக்கருங்க கமிஷன் ஜீரோன்னு விளம்பரம் பண்ற டே டிரேட் மார்ஜின்ல (புரோக்கர்கிட்ட கடன் வாங்கி அன்னைக்கே முடிக்கிறது) தனித்தனி ஸ்டாக் அடிக்கிறது அதுக்கு அப்புறம்தான், அதுவும் இந்த ஊர் மார்க்கெட் ரூல் எல்லாம் அத்துப்படியா இருந்தா மட்டும். இந்தியர்கள் நிறைய இருக்கிற டோக்கியோ நிஷி கசாய் பக்கம் நம்ம ஆளுங்க நாலு பேர் சேர்ந்தா இப்போ இந்தப் பேச்சு வராம இருக்கிறதில்ல, ஆனா பேச்சு முழுக்க எந்த புரோக்கர்ல கமிஷன் கம்மி, எந்த ஆப் நல்லா இருக்குன்னே போகுது. உள்ள போனவன் நினைச்ச நேரத்துல வெளிய வர முடியுமான்னு யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. எனக்கு அது ஒண்ணுதான் அளவுகோல், இங்க எல்லாத்துக்கும் அத வச்சுதான் மார்க் போட்டிருக்கேன்.

மொதல்ல மைக்ரோ என்னன்னு பாத்துடலாம். நிக்கேய் ஃபியூச்சர்ஸ் முதன்முதலா ஆரம்பிச்சது ஜப்பான்ல இல்ல, 1986ல சிங்கப்பூர் சைமெக்ஸ் எக்ஸ்சேஞ்ச்ல, ஒசாகாவுக்கு வந்தது 1988 செப்டம்பர்ல. (1730லயே ஒசாகா தோஜிமால அரிசிக்கு ஃபியூச்சர்ஸ் மாதிரி வியாபாரம் நடத்தின ஊர் அது, அதனால லேட்டா வந்தாலும் புதுசா கத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது.) அந்த பெரிய கான்ட்ராக்ட்டுக்கு மல்டிப்ளையர் (இன்டெக்ஸோட ஒரு புள்ளிக்கு எத்தன யென்ங்கிறது) 1000 யென், அதாவது இன்டெக்ஸ் 40,000ல இருந்தா ஒரு கான்ட்ராக்ட்டோட மதிப்பு 4 கோடி யென், சம்பளக்காரன் தொடுற விஷயமே இல்ல. 2006ல மினி வந்துச்சு, 100 யென் மல்டிப்ளையர். அதுவும் 40 லட்சம் யென் சரக்கு. 2023 மே 29ல மைக்ரோ வந்தப்பதான் கதை மாறுச்சு, மல்டிப்ளையர் வெறும் 10 யென், அதே 40,000 இன்டெக்ஸ்ல 4 லட்சம் யென்தான். நிக்கேய் 100 புள்ளி உங்களுக்கு எதிரா போனா மைக்ரோல 1000 யென் போகும், மினில 10,000, லார்ஜ்ல 1 லட்சம். நிக்கேய் ஒரு சாதாரண நாள்லயே சில நூறு புள்ளி ஆடும்ங்கிறத மனசுல வச்சு இந்த மூணு நம்பரையும் இன்னொரு தடவ படிங்க, ஏன் மைக்ரோன்னு அப்பவே விளங்கிடும்.

கமிஷன் பத்தி எல்லாரும் தப்பா கணக்குப் போடற ஒரு இடம் இருக்கு. மைக்ரோ ஒரு டிக் (விலை நகர்ற மிகச் சின்ன படி) 5 யென், காசா பாத்தா 50 யென். பெரிய நெட் புரோக்கருங்ககிட்ட ஒரு பக்கத்துக்கு 11 யென் கமிஷன், போக வர 22 யென், ஆக பாதி டிக்குக்கு கொஞ்சம் கம்மியா கமிஷனுக்கே போயிடுது. மினில டிக் அதே 5 யென்தான் ஆனா மதிப்பு 500 யென், கமிஷன் போக வர 77 யென். அதனால பத்து மைக்ரோ வாங்கி ஒரு மினி மாதிரி ஆடலாம்னு கிளம்பினா 77க்குப் பதிலா 220 யென் கட்டறீங்க. ஒரு டிக் ரெண்டு டிக்குன்னு பொறுக்கற ஸ்கால்ப்பிங்குக்கு மைக்ரோ செட் ஆகாது, ஐம்பது நூறு புள்ளி நகர்வ பிடிக்கிற ஆளுக்கு அந்த 22 யென் ஒரு பொருட்டே இல்ல. பத்து மைக்ரோவ ரெண்டு ரெண்டா பிரிச்சு வெளிய வரலாம், ஒரே மினிய அப்படி பிரிக்க முடியாதுங்கிறது வேற விஷயம், அந்த வசதிக்கு நான் அந்த எக்ஸ்ட்ரா காச சந்தோஷமா குடுப்பேன்.

இத ஆபீஸ் போறவங்களுக்கு நான் இவ்ளோ தூரம் சொல்றதுக்கு முக்கியக் காரணம் நேரம். டே செஷன் காலைல 8:45க்கு ஆரம்பிச்சு 15:45 வரைக்கும், அப்புறம் சாயங்காலம் 17:00க்கு நைட் செஷன் திறந்து மறுநாள் காலை 6:00 வரைக்கும் ஓடுது, இது 2024 நவம்பர் 5ல மாத்தின டைமிங், பழைய வீடியோ எல்லாம் பாத்து 15:15, 16:30ன்னு மனசுல வச்சுக்காதீங்க. ஸ்டாக் மார்க்கெட் 9:00ல இருந்து 11:30, சாப்பாட்டுக்கு மூடிட்டு 12:30ல இருந்து 15:30, இந்த நேரம் முழுக்க நம்ம மீட்டிங்ல இருப்போம். வீட்டுக்கு வந்து பிள்ளைங்க தூங்கினதுக்கு அப்புறம் உக்கார்றவனுக்கு நைட் செஷன்தான் உண்மையான மார்க்கெட். அமெரிக்க வேலைவாய்ப்பு, பணவீக்கம் மாதிரி டேட்டா எல்லாம் நமக்கு ராத்திரி 21:30க்கு வரும், குளிர்காலத்துல 22:30, அதுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு நியூயார்க் திறக்கும், அந்த ரெண்டு மணி நேரத்துல வாங்கவும் விக்கவும் ஆள் குறைவில்லாம இருப்பாங்க. அதுக்கு அப்புறம் ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு ஆர்டர் புக் (வாங்கவும் விக்கவும் நிக்கிற ஆர்டர் எல்லாம்) மெலிஞ்சு போகும், தூக்கத்தையும் கெடுத்துக்கிட்டு அந்த நேரத்துல உக்காராதீங்க. 2022 செப்டம்பர்ல இருந்து ஜப்பான் பப்ளிக் ஹாலிடேலயும் பெரும்பாலும் ஃபியூச்சர்ஸ் ஓடுது, கோல்டன் வீக்ல உலகத்துல என்னவோ நடந்து இங்க ஒண்ணும் பண்ண முடியாம முழிக்கிற நிலைமை இப்போ ரொம்ப குறைஞ்சிருக்கு.

மதிய சாப்பாட்டு நேரத்த தனியா சொல்லணும், ஏன்னா ஸ்டாக் டிரேடருக்கும் ஃபியூச்சர்ஸ் டிரேடருக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான் பளிச்சுன்னு தெரியும். வட்டிய முடிவு பண்ற மத்திய வங்கியான பேங்க் ஆஃப் ஜப்பான் வருஷத்துக்கு 8 தடவ ரெண்டு நாள் மீட்டிங் போடும், ரெண்டாவது நாள் மத்தியானம்தான் முடிவு வரும், அமெரிக்க ஃபெட் மாதிரி இத்தன மணிக்குன்னு ஒரு நேரமே கிடையாது. பெரும்பாலும் 12 மணிய ஒட்டி வரும், அப்போ ஸ்டாக் மார்க்கெட் லஞ்சுக்கு மூடியிருக்கும். 12 மணி தாண்டியும் அறிவிப்பு வரலன்னா உள்ள ஏதோ பெரிய விவாதம் நடக்குதுன்னு சொல்லியே யென் ஆட ஆரம்பிச்சிடும், யென் ஆடினா நிக்கேய் ஃபியூச்சர்ஸ் ஆடும், அந்த ஒரு மணி நேரம் மைக்ரோ கையில வச்சிருக்கிறவன் வித்துட்டு கிளம்பலாம், ஸ்டாக் கையில வச்சிருக்கிறவன் 12:30 வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அதோட விடல, கவர்னர் உவேதா பிரஸ் மீட் 15:30க்கு, அதாவது ஸ்டாக் மார்க்கெட் மூடற நிமிஷத்துல. ஃபியூச்சர்ஸ்ல அதுக்கு மேலயும் கொஞ்ச நேரம் இருக்கு, ஆனா கடைசி அஞ்சு நிமிஷம் குளோசிங் ஆக்ஷனுக்குப் (ஆர்டர் மட்டும் சேர்ந்து கடைசியில ஒரே விலையில முடிக்கிறது) போயிடும், அதனால 15:40க்குள்ள முடிவு பண்ணிடணும்.

நிக்கேய் எதனால நகருதுன்னு தெரியாம மைக்ரோ தொடாதீங்க. இது நிஃப்டி மாதிரி கம்பெனி சைஸ் வச்சு கணக்குப் போடற இன்டெக்ஸ் இல்ல, ஷேர் விலைய வச்சு. அதனால ஜப்பான்லயே பெரிய கம்பெனியான டொயோட்டாவ விட, யூனிக்ளோ நடத்துற ஃபாஸ்ட் ரீடெய்லிங், சிப் மெஷின் செய்யற டோக்கியோ எலக்ட்ரான், அட்வான்டெஸ்ட், அப்புறம் சாஃப்ட்பேங்க் குரூப், இந்த நாலும்தான் இன்டெக்ஸ இழுத்துட்டுப் போகும். நான் மைக்ரோ சார்ட் பக்கத்துலயே இந்த நாலு ஸ்டாக்கையும் டாலர் யென்னையும் திறந்து வச்சிருப்பேன், ஃபியூச்சர்ஸ் ஏறுது ஆனா அட்வான்டெஸ்டும் டோக்கியோ எலக்ட்ரானும் கூட வரலன்னா அந்த ஏத்தத்த நம்பி புதுசா வாங்க மாட்டேன். கம்பெனி சைஸ் வச்சு கணக்குப் போடற டோப்பிக்ஸ் இன்டெக்ஸ் இறங்கி நிக்கேய் மட்டும் ஏறுற நாள் எல்லாம் இதனாலதான் வருது.

இப்போ ஸ்டாக் பக்கம் வருவோம். எஸ்பிஐ செக்யூரிட்டீஸ், ரகுடென் செக்யூரிட்டீஸ் ரெண்டும் 2023 செப்டம்பர், அக்டோபர் வாக்குல ஜப்பான் ஸ்டாக்குக்கு கமிஷனையே எடுத்துட்டாங்க, இது உண்மையாவே பெரிய விஷயம், நான் குறை சொல்ல மாட்டேன். ரகுடென்ல ஜீரோ கோர்ஸ்ல இருக்கோமான்னு நாமளே பாத்துக்கணும். மார்ஜின் அக்கவுன்ட்டுக்கு குறைஞ்சது 3 லட்சம் யென் போடணும், 30 சதவீத மார்ஜின், அதாவது அந்த 3 லட்சத்துக்கு 10 லட்சம் யென் வரைக்கும் வாங்கலாம். 2013ல இருந்து அதே மார்ஜின ஒரே நாள்ல எத்தன தடவ வேணும்னாலும் திருப்பித் திருப்பி உபயோகிக்கலாம். மார்ஜின் இல்லாம கேஷ் அக்கவுன்ட்லயே டே டிரேடிங் பண்ணலாம்னு நினைக்காதீங்க, ஒரே காச வச்சு ஒரே ஸ்டாக்க ஒரே நாள்ல வாங்கி வித்து மறுபடி வாங்கி விக்கிறது இங்க தடை, சாகின் கெஸ்ஸாய்ன்னு சொல்லுவாங்க, ஆர்டரே போகாது. 100 ஷேர்தான் ஒரு லாட், அதுக்குக் கீழ சாதாரண மார்க்கெட்ல வாங்க முடியாது. ஃபாஸ்ட் ரீடெய்லிங் மாதிரி ஒரு ஷேரே பல்லாயிரம் யென் போற ஸ்டாக்ல ஒரு லாட்டுக்கே பல லட்சம் யென் வேணும், 10 லட்சம் வாங்கும் சக்தி வச்சிருக்கிறவனுக்கு கதவு அங்கயே மூடிடுது. மிட்சுபிஷி ஹெவி 2024ல ஒரு ஷேர பத்தா பிரிச்சாங்க, என்டிடி 2023ல இருபத்தஞ்சா பிரிச்சாங்க, அந்த மாதிரி ஸ்டாக்தான் நம்ம பட்ஜெட்டுக்கு.

டூல்ஸ் எல்லாம் அருமை. ரகுடென்னோட மார்க்கெட்ஸ்பீட் 2 ஆகட்டும், எஸ்பிஐயோட ஹைப்பர் எஸ்பிஐ 2 ஆகட்டும், இட்டான்னு சொல்ற ஆர்டர் புக்க இவ்ளோ தெளிவா சின்ன டிரேடருக்குக் காட்டுறது நல்ல விஷயம். நடுவுல விலை, இடது பக்கம் விக்கிறவன், வலது பக்கம் வாங்கறவன், பக்கத்துலயே நடந்த டிரேட் ஒவ்வொண்ணா ஓடும். ஆனா ரெண்டு விஷயம் நம்ம ஊர் ஆளுக்கு இடிக்கும். ஒண்ணு, ஸ்கிரீன் முழுக்க ஜப்பானீஸ், குறைஞ்சது ஆர்டர் போடற திரையில இருக்குற கான்ஜி (ஜப்பானீஸ் சித்திர எழுத்து) எல்லாம் மனப்பாடம் ஆகணும். இன்னொண்ணு கலர், இங்க ஏறுனா சிவப்பு, இறங்குனா பச்சை இல்லன்னா நீலம், நம்ம கண்ணுக்கு பழக்கமானதுக்கு நேர் தலைகீழ். செட்டிங்ஸ்ல மாத்த முடிஞ்சா மொத நாளே மாத்திடுங்க, இல்லன்னா கொஞ்ச நாள் சும்மா பாத்து கண்ண பழக்குங்க. ஆர்டர் கன்ஃபர்மேஷன் திரைய ஆஃப் பண்ணிட்டு ஒரே கிளிக்ல அடிக்கிற வசதி இருக்கும், தயவு செஞ்சு வேண்டாம். 2005 டிசம்பர் 8ல மிசுஹோ செக்யூரிட்டீஸ்ல ஜேகாம்ங்கிற புது ஸ்டாக்குல ஒரு ஷேர 6,10,000 யென்னுக்கு விக்கிறதுக்குப் பதிலா 6,10,000 ஷேர ஒரு யென்னுக்கு விக்க ஆர்டர் போட்டாங்க, ஒரு சில நிமிஷத்துல நடந்த அந்தத் தப்புல கம்பெனி இழந்தது சுமார் 4,000 கோடி யென். அவங்களுக்கே அந்தக் கதின்னா சாயங்காலம் டிரெயின்ல தொங்கிக்கிட்டு போன்ல அடிக்கிற நாம எம்மாத்திரம்.

ஸ்டாக் ஏன் என்கிட்ட பாஸ் மார்க் வாங்கலங்கறத இப்போ கிட்டப் போய் காட்டறேன். முந்தின நாள் 1,200 யென்ல முடிஞ்ச ஒரு ஸ்டாக்க எடுத்துக்குங்க. அந்த விலைக்கு ஒரு நாளைக்கு 300 யென்தான் எல்லை, மேல 1,500 தொட்டா ஸ்டாப் டாகா, கீழ 900 தொட்டா ஸ்டாப் யாசு. ராத்திரி ஒரு மோசமான ரிசல்ட் வந்துச்சு, காலைல 9:00 மணி ஆகுது, ஆனா டிரேடே நடக்காது. விக்க லட்சக்கணக்குல ஷேர் நிக்குது, வாங்க ஆள் இல்ல, அப்போ எக்ஸ்சேஞ்ச் டொகுபெட்சு கெஹாய்ன்னு ஒரு ஸ்பெஷல் கோட் போடும், இட்டால விலைக்குப் பக்கத்துல ஒரு சின்ன எழுத்து நிக்கும், 1,170. மூணு நிமிஷம் கழிச்சு 1,140. இன்னும் மூணு நிமிஷம், 1,110. நீங்க மார்க்கெட் ஆர்டர் போட்டுட்டு பாத்துக்கிட்டே இருப்பீங்க, ஒண்ணும் நடக்காது, விலை மட்டும் படிப்படியா இறங்கும், 900 போய் ஒட்டிக்கும். அன்னைக்கு முழுக்க அங்கயே நிக்கும், கடைசியில 15:30க்கு வாங்க வந்த கொஞ்சூண்டு ஆர்டர புரோக்கருங்களுக்கு விகிதப்படி பிரிச்சுக் குடுப்பாங்க, அதுல உங்க 100 ஷேர் வந்தா அதிர்ஷ்டம். ஸ்டாப் லாஸ் (இந்த விலைக்கு இறங்கினா வித்துடுன்னு முன்னாடியே போடற ஆர்டர்) 1,180ல வச்சிருந்தேனேன்னு சொல்லி பிரயோஜனமே இல்ல, அந்த விலையில டிரேடே நடக்கலையே.

டே டிரேடர் ராத்திரி வச்சிருக்க மாட்டானே, அவனுக்கென்ன பயம்னு கேப்பீங்க. ஜப்பான்ல கம்பெனிங்க மார்க்கெட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரிசல்ட் விடுவாங்க, டொயோட்டாகூட மத்தியானத்துல விடற கம்பெனிதான். 14:00 மணிக்கு ஒரு சின்ன கம்பெனி லாபக் கணிப்ப பாதியா குறைச்சு அறிவிப்பு விட்டுச்சுன்னா மேல சொன்ன அதே படிக்கட்டு அப்பவே ஆரம்பிச்சிடும். ஒருநாள் மார்ஜின்ல வாங்கி அன்னைக்குள்ள விக்க முடியலன்னா பொதுவா அடுத்த நாள் காலைல புரோக்கரே கிடைச்ச விலைக்கு வித்துத் தள்ளிடுவாங்க, அதுக்கு தனியா கட்டணமும் போடுவாங்க, ஜீரோ கமிஷன் எல்லாம் அந்த இடத்துல பேச்சே கிடையாது. இன்னொண்ணு, 2024 நவம்பர்ல இருந்து ஸ்டாக்ல 15:25க்கு தொடர் வியாபாரம் நின்னுடும், அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் ஆர்டர் மட்டும் சேரும், 15:30க்கு ஒரே விலையில முடிப்பாங்க. அந்த விலை என்னவா இருக்கும்னு நம்ம கையில இல்ல, அதனால 15:20க்கு மேல புதுசா எதுவும் வாங்கறது வீண்.

மைக்ரோல இது நடக்காதான்னா, நடக்கும், ஆனா வேற மாதிரி. 2024 ஆகஸ்ட் 5 தான் இதுக்கு சரியான உதாரணம். ஜூலை 31ல பேங்க் ஆஃப் ஜப்பான் வட்டிய 0.25 சதவீதத்துக்கு ஏத்துச்சு, யென் வேகமா ஏறுச்சு, அமெரிக்கால வேலைவாய்ப்பு டேட்டா மோசமா வந்துச்சு, திங்கக்கிழமை நிக்கேய் 4,451 புள்ளி விழுந்து 31,458ல முடிஞ்சது, 1987 கறுப்புத் திங்களுக்கு மறுநாள் விழுந்ததையும் புள்ளி கணக்குல தாண்டின வீழ்ச்சி. ஃபியூச்சர்ஸ்ல 8 சதவீதம் விழுந்ததும் சர்க்யூட் பிரேக்கர், குறைஞ்சது 10 நிமிஷம் நிப்பாட்டிட்டு எல்லைய 12க்கு அகலப்படுத்துவாங்க, அப்புறம் 16. அதாவது நின்னாலும் மறுபடி திறக்கும், திறந்ததும் வெளிய வரலாம், விலை மோசமா இருக்கும் ஆனா கதவு இருக்கும். அதே நாள்ல பல பெரிய கம்பெனி ஸ்டாக்கே ஸ்டாப் யாசுல பூட்டிக்கிட்டு கிடந்துச்சு. மறுநாள் நிக்கேய் 3,217 புள்ளி திரும்பி ஏறுச்சு. அன்னைக்கு நான் உபயோகிச்ச ஒரு புரோக்கர் ஆப் லாகின்லயே சுத்திக்கிட்டு இருந்துச்சு, போன்ல கூப்பிட்டா லைன் கிடைக்கல, அதனால ரெண்டு புரோக்கர்ல அக்கவுன்ட் வச்சுக்கிறது நல்லது, ஒண்ணுல வாங்கினத இன்னொண்ணுல ஷார்ட் (கையில இல்லாமலே முதல்ல விக்கிறது) அடிச்சாவது ஈடு கட்டிக்கலாம்.

மைக்ரோவோட குறையையும் சொல்லணும். மார்ஜின் தொகை (கான்ட்ராக்ட் எடுக்க புரோக்கர்கிட்ட வைக்கிற டெபாசிட்) நிலையா இருக்காது, மார்க்கெட் ஆட்டம் கூடினா அதுவும் கூடும், நேத்து மூணு கான்ட்ராக்ட்டுக்கு போதுமா இருந்த காசு அடுத்த வாரம் பத்தாமப் போகலாம். அதனால மார்ஜினுக்கு எவ்ளோ கேக்குறாங்களோ அதுல மூணு மடங்கு கையில இல்லாம நான் ஒரு கான்ட்ராக்ட்டும் எடுக்க மாட்டேன். 15:45ல இருந்து 17:00 வரைக்கும், காலை 6:00ல இருந்து 8:45 வரைக்கும் மார்க்கெட் மூடியிருக்கும், அந்த இடைவெளிய தாண்டி வச்சிருந்தா அது டே டிரேடிங்கே இல்ல, ஸ்டாப் ஆர்டர் எல்லாம் திறக்கற விலைக்குத்தான் போகும். ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது வெள்ளிக்கிழமை எஸ்க்யூ (கான்ட்ராக்ட்ட முடிக்கிற விலைய நிர்ணயிக்கிற நாள்), அதுக்கு முந்தின நாளோட அந்த மாச கான்ட்ராக்ட் முடிஞ்சிடும், அந்த வாரத்துல காரணமே இல்லாம முன்னும் பின்னும் இழுப்பாங்க, புதுசா வர்றவங்க அந்த வாரம் ஒதுங்கி நிக்கலாம். நம்ம ஊர்ல பேங்க் நிஃப்டி ஆப்ஷன்ஸ் அடிச்ச பழக்கத்துல இங்கயும் அதே வேகத்துல வராதீங்க, எஃப் அன்ட் ஓல (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கின தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேர் மூணு வருஷத்துல நஷ்டம்னு 2024ல இந்திய பங்குச் சந்தை ரெகுலேட்டர் செபியே ஆய்வு போட்டு சொல்லியிருக்கு, ஜப்பான் வந்தா அந்தக் கணக்கு மாறிடும்னு நினைக்க எந்தக் காரணமும் இல்ல.

அக்கவுன்ட் திறக்க ரெசிடென்ஸ் கார்டு, மை நம்பர் ரெண்டும் வேணும். ஃபியூச்சர்ஸுக்கு சாதாரண அக்கவுன்ட் திறந்ததுக்கு அப்புறம் தனியா அப்ளை பண்ணணும், அனுபவம், சொத்து, வருமானம் எல்லாம் கேப்பாங்க, சில பேருக்கு போன்ல ஜப்பானீஸ்ல கேள்வி வரும். பேங்க், செக்யூரிட்டீஸ் கம்பெனில வேலை பாக்குறவங்க மொதல்ல உங்க ஆபீஸ் ரூல பாருங்க, நிறைய இடத்துல இதுக்கு அனுமதியே கிடையாது.

வரி ரெண்டுக்கும் 20.315 சதவீதம்தான், ஆனா வழி வேற. ஸ்டாக்ல டொகுடெய் கோசாங்கிற அக்கவுன்ட் எடுத்து வரிய அவங்களே பிடிக்கிற மாதிரி வச்சுட்டா நமக்கு வேலையில்ல. ஃபியூச்சர்ஸ்ல அந்த வசதி கிடையாது, பிப்ரவரி மார்ச்ல நாமளேதான் காக்குடெய் ஷின்கோகு (வருமான வரி கணக்கு தாக்கல்) போடணும். ஃபியூச்சர்ஸ் நஷ்டத்த ஸ்டாக் லாபத்துல கழிக்க முடியாது, ஆனா ஜப்பான் புரோக்கர்ல பண்ற எஃப்எக்ஸ் (கரன்சி வியாபாரம்) லாபத்தோட கழிக்கலாம், மிச்ச நஷ்டத்த மூணு வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகலாம். நஷ்டமான வருஷம் எதுக்கு ஃபைல் பண்ணணும்னு விட்டுட்டா அந்த உரிமை போயிடும், அதனால கட்டாயம் போடுங்க.

ஊர்ல இருந்துக்கிட்டே பண்ணலாமான்னு கேக்கறவங்களுக்கு, எல்ஆர்எஸ்ல (இந்தியால இருந்து வெளிநாட்டுக்கு காசு அனுப்ப ரிசர்வ் பேங்க் வச்சிருக்கிற திட்டம்) வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு மார்ஜின் கட்ட காசு அனுப்பறதுக்கு அனுமதி இல்ல, எந்த ஆப்காரன் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு அந்த ஊர் எக்ஸ்சேஞ்சான எஸ்ஜிஎக்ஸ்லயே நிக்கேய் ஃபியூச்சர்ஸ் இருக்கு, அங்க சாதாரண கான்ட்ராக்ட் 500 யென் மல்டிப்ளையர், மினி 100 யென், அதாவது மினியே ஒசாகா மைக்ரோவ விட பத்து மடங்கு. 1995ல பேரிங்ஸ் பேங்க் கவுந்தது இதே நிக்கேய் ஃபியூச்சர்ஸ்ல, கோபே பூகம்பத்துக்கு அப்புறமும் வெளிய வராம பொசிஷன பெருசாக்கிக்கிட்டே போனதாலதான். அதனால அங்க பண்றவங்க ஒரு மினிக்கு மேல எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரே நாள்ல 12 சதவீதம் போனா எவ்ளோ காசு போகும்னு பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு எடுங்க, 40,000 இன்டெக்ஸ்ல ஒரு மினிக்கு அது 4,80,000 யென், மைக்ரோன்னா 48,000.